சின்ன லைலாவும் பூரிக்கட்டையும்

செய்தித்தாளில் அச்சாகும் மற்ற எல்லாமே சாயங்காலத்துக்குள் பழசாகிவிடும். தங்கத்தின் விலை மாறிவிடும், அமைச்சர் மறுப்பு அறிக்கை விட்டுவிடுவார், காணாமல் போன பையன் கிடைத்துவிடுவான். படக்கதை மட்டும் பழசாகாது. ஒரு வாரம் கழித்துப் படித்தாலும் அது அன்றைக்குத்தான் நடக்கிறது. செய்தித்தாள் எப்போதும் தாமதமாக வந்து சேரும் கைகளுக்கு இது பெரிய விஷயம். எங்கள் பகுதியில் அந்தக் கைகள் பெண்களுடையவை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, நான் வளர்ந்த எண்பதுகளில், செய்தித்தாள் முதலில் விரிந்த இடங்களை வரிசையாகச் சொல்ல முடியும்: டீக்கடை பெஞ்சு, சலூன், கட்சிப் படிப்பகம், ஆலை வாசலில் ஷிப்டு மாறும் நேரம், தொழிற்சங்க அலுவலகத் திண்ணை. அந்த இடங்களைக் கடந்து குடத்தோடும் மீன் கூடையோடும் பெண்கள் நடந்து போவார்கள். உட்கார்ந்து பேப்பர் படித்த பெண் ஒருத்தியைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. எங்களிடம் பேப்பர் வந்தது வேறு வழிகளில். நைனாவின் சாப்பாட்டுப் பையில் மடிந்து இரவில் வரும். சுண்டல் பொட்டலமாக வரும். கருவாடு விற்ற என் ஆயா, பொதிவதற்காக எடைக்கு வாங்கிய கட்டில் போன மாதத்துப் பேப்பராக வரும். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு வேலைநிறுத்தச் செய்தியும், தேர்தல் முடிவு வந்த பிறகு தேர்தல் வாக்குறுதியும் எங்களை வந்தடையும். அந்தக் கட்டில் கெடாமல் இருந்தது கன்னித்தீவு ஒன்றுதான்.

தினத்தந்தியை சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதுதான் அதன் நடை. 1960 வாக்கில் அதில் தொடங்கிய கன்னித்தீவு, ஓவியர்கள் மாறியும், கறுப்பு வெள்ளை வண்ணமாக மாறியும், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டங்கள். தமிழில் எது முடியாமல் இழுத்தாலும் அதற்குக் 'கன்னித்தீவு' என்றே பெயர்: சொத்து வழக்கு, மேம்பால வேலை, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கும் அலைச்சல். கேலியாகச் சொன்னாலும் இந்தப் பெயருக்குள் ஒரு வடிவத்தைப் பற்றிய சரியான விமர்சனம் இருக்கிறது. எங்கு வேண்டுமானாலும் நுழையலாம், எங்கு வேண்டுமானாலும் விடலாம், பத்து நாள் தவறினாலும் நட்டமில்லை. நாவலைப் பற்றி இப்படிச் சொன்னால் அது குறை. அடிபம்பில் குடம் நிறையும் நேரமே வாசிப்பு நேரமாக இருப்பவளுக்கு அது வசதி.

படக்கதையின் இன்பத்தை ஆராய்பவர்கள் குழந்தைப் பருவ ஏக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏக்கம் என்றால் அந்தக் காலத்து மிட்டாயும் இதே இன்பத்தைத் தர வேண்டும், தருவதில்லை. படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. முதல் கட்டத்தில் வாள் ஓங்கியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் அரக்கன் விழுந்து கிடக்கிறான். வெட்டு விழுந்தது அந்தக் கோட்டில். அதை வரைந்தது வாசிப்பவள். எழுத்துத் தெரியாதவளும் அதைச் செய்ய முடியும். செய்தித்தாளில் கைநாட்டு வைக்கும் ஒரு பெண்ணுக்குச் சம உரிமை கிடைத்த ஒரே பகுதி அதுதான்.

என் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. கருவாட்டுக் கட்டைப் பிரிக்கும்போது கன்னித்தீவு வந்த பக்கத்தை ஒதுக்கி வைப்பாள். படத்தைப் பார்த்துப் பாதிக் கதையை அவளே சொல்லிவிடுவாள். மீதிக்கு என்னைக் கூப்பிடுவாள். அவள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்னாடி கண்ணு, அந்தப் பொண்ணு பெர்சாயிட்டாளா?"

கதை தெரியாத இளம் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். இளவரசி லைலாவை மூசா என்ற மந்திரவாதி பொம்மை அளவுக்குச் சிறிதாக்கிவிடுகிறான். அவளை மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவருவதற்காகச் சிந்துபாத் அவளையும் சுமந்துகொண்டு தீவு தீவாக அலைகிறான். ஒவ்வொரு தீவிலும் ஒரு பூதம், ஓர் அரசன், ஒரு சூனியக்காரி. சண்டை முடியும்; கப்பல் கிளம்பும்; லைலா அதே அளவில் இருப்பாள். நாங்கள் வாசித்த வருடங்கள் முழுக்க அவள் அப்படியேதான் இருந்தாள்.

ஒரு நாள் நான் அலுத்துப்போய், ஏன் ஆயா இவ்வளவு நாளா சரியாகல என்று கேட்டேன். கருவாட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவ பெர்சாயிட்டா கத முட்ஞ்சிடும்ல? அத்தொட்டுதான் யாரும் ஆக்க மாட்டேங்கிறான்."

பிற்பாடு கல்லூரியில் எத்தனையோ பெண்ணியக் கோட்பாடுகளைப் படித்தேன். கன்னித்தீவைப் பற்றி அந்த ஒரு வரியைவிடத் துல்லியமான விமர்சனத்தை இன்னும் படிக்கவில்லை. கதை ஓடுவதற்கான எரிபொருள் லைலாவின் சிறுமை. அவள் வளர்ந்த மறுநாள் சிந்துபாத்துக்கு வேலையில்லை; ஓவியருக்கும் வேலையில்லை. காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே காப்பாற்றாமல் இருப்பதில்தான் அந்தப் பயணம் நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஆயா பக்கத்தை ஒதுக்கி வைப்பதை நிறுத்தவில்லை. அநியாயம் தெரியும், கதையும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மடியில் வைத்திருந்த வாசகி அவள். "இதையெல்லாம் ரசிக்கலாமா?" என்று என்னிடம் கேட்கும் மாணவிகளிடம் நான் அவளைத்தான் உதாரணம் காட்டுகிறேன்.

கன்னித்தீவு ஒரு பக்கம். வார இதழ்களின் ஜோக்குகளும் கேலிச்சித்திரங்களும் மறுபக்கம். தமிழ் ஜோக்குக்கு ஒரு நிலையான நாடகக் குழு உண்டு: அந்தப்புரத்தில் ஒளியும் மன்னர், நர்ஸிடம் வழியும் டாக்டர், ராப்பிச்சைக்காரர், மேனேஜர், ஸ்டெனோ, மாமியார், மருமகள். இவர்கள் எல்லாருக்கும் தலைவி, பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி. பருத்த உடம்பு, தூக்கிய கை. எதிரே தலையில் கட்டோடு ஒல்லியான கணவன். இந்தப் படத்தை நீங்கள் எத்தனை நூறு முறை பார்த்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் தெருவில் பூரிக்கட்டை இருந்த வீடுகள் குறைவு. அம்மியும் குழவியும் இருந்தன. அடி வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒல்லியான கணவர்கள் இல்லை. சம்பள நாள் இரவில் எந்த வீட்டில் சத்தம் கேட்கும் என்பது குழாயடியில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் கன்னம் வீங்கிய ஒரு அக்கா தண்ணீர் பிடிக்க வருவார். அவர் குடத்துக்கு எல்லோரும் வழிவிடுவார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த அக்காவும் பூரிக்கட்டை ஜோக்குக்குச் சிரித்தவர்தான். அந்தச் சிரிப்பை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கட்டத்துக்குள்ளாவது கை தூக்கிய ஒருத்தியைப் பார்க்கும் ஆசையாகவும் அது இருந்திருக்கலாம்.

ஆனால் ஜோக்கை எழுதியவரும் வரைந்தவரும் அந்த ஆசைக்காக அதைச் செய்யவில்லை. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள். பத்தில் நான்கு வீடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட மாநிலத்தில் அடிப்பவளாகப் பெண்ணை மட்டுமே வரைந்துகொண்டிருப்பது ஒரு தேர்வு.

அந்தக் குழுவில் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் நேராக எங்கள் பகுதியிலிருந்து போனவர்கள். ஒருத்தி வேலைக்காரி: இடுப்பில் செருகிய சேலை, வாய் நிறைய வெற்றிலை, எஜமானியம்மாவையே மிரட்டும் குரல். இன்னொருத்தி மீன்காரி: அதே சேலை, அதே வெற்றிலை, இன்னும் பெரிய வாய். இருவரும் பேசுவது மெட்ராஸ் பாஷை. பக்கத்தில் நிற்கும் மற்ற எல்லோரும் எழுத்துத் தமிழோ நடுத்தர வர்க்கத்துப் பேச்சோ பேசும்போது, இவர்கள் மட்டும் 'இன்னாமே' என்று ஆரம்பிப்பார்கள். சிரிப்பு வருவது வசனத்தின் பொருளிலிருந்து இல்லை, அந்த ஒலியிலிருந்து. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலத்தில் நின்று, கூடை தூக்கி, தெருத் தெருவாக விற்றுவிட்டு வரும் ஒரு பெண்ணின் குரல் ஏன் உரக்க இருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. கூவாமல் மீன் விற்க முடியாது. அந்தக் குரல் அவளுடைய தொழில் கருவி. ஜோக் அதைக் குணமாக்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இதழ்களுக்கு ஜோக் எழுதி அனுப்பியவர்களில் பெண்களும் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு அச்சாகியிருக்கும். வேலைக்காரி ஜோக்கை ரசித்தவர்களில் பெண்கள் நிறையவே இருந்தார்கள். எல்லாப் பெண்களும் ஒரே கட்டத்தில் நிற்பதில்லை. பூரிக்கட்டை ஜோக்கில் ஆணின் சிரிப்புக்கு ஆளாகும் பெண், வேலைக்காரி ஜோக்கில் தானும் சேர்ந்து சிரிக்கிறாள். நான் படித்த வட்டங்களில் முதல் வகை ஜோக்கைப் பற்றிக் கோபமாகப் பேசியவர்கள், இரண்டாவது வகையைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

கேலிச்சித்திரம் என்பது அளவோடு விளையாடும் கலை. மூக்கைப் பெரிதாக்கும், ஆளைச் சிறிதாக்கும். அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. பறித்தால் கலை செத்துவிடும். ஆனால் எந்தத் திசையில் அந்த உரிமை பயன்படுகிறது என்று கேட்கலாம். தமிழில் அரசியல் கருத்துப்படத்தை முதலில் முறையாகப் பயன்படுத்தியவர் பாரதி. 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் அவற்றை வெளியிட்டார். குறி வெள்ளை அரசு. அதாவது, தன்னைவிடப் பெரியதைச் சிறிதாக்குவதற்காகத் தமிழுக்கு வந்த ஆயுதம் அது. பூரிக்கட்டை ஜோக்கில் நடப்பது வேறு. அடிபடுபவளை முதலில் பெரிதாக வரைகிறார்கள். பிறகு, பெரியவளைத்தானே கேலி செய்கிறோம் என்கிறார்கள். சாகசக் கதையில் பொம்மை அளவுக்குச் சுருங்கியவள், ஜோக்கில் கதவை அடைக்கும் அளவுக்குப் பெருக்கிறாள். ஒரே செய்தித்தாள் கட்டில் இரண்டையும் பார்த்து வளர்ந்தவள் நான். அவளுடைய சொந்த அளவில் அவளை வரைந்த படம்தான் அதில் இல்லை.

பெரியவர்களைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்பதை ஜேப்படித் திருடன், முகமூடிக் கொள்ளைக்காரன் என்ற தோற்றங்களை வைத்துச் சொல்லும் ஜோக். சட்டமன்றம் உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. பெரிய எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் அவர் வெளியே வந்தார். 2012-இல் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் ஆர். கே. லக்ஷ்மணின் பழைய கார்ட்டூன் ஒன்று இருப்பது தெரியவந்தது. 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை, போராடிய மாணவர்களைக் கேலி செய்யும் படம். அதை நீக்கச் சொல்லித் தமிழ்நாட்டுத் தலைவர்கள் குரல் கொடுத்தார்கள். சிறைத் தண்டனையை நான் ஆதரிக்கவில்லை; படத்தை நீக்குவதும் எனக்கு உவப்பில்லை. நான் சொல்ல வருவது, ஒரு சின்னப் படத்துக்கு எவ்வளவு பலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். மந்திரியை வரைந்தாலும் தமிழனை வரைந்தாலும் அது மானப் பிரச்சினை. மனைவியையும் மீன்காரியையும் வரைந்தால் மட்டும் அது 'சும்மா தமாஷ்'.

வேறு மாதிரி வரைய முடியாதா? முடியும். நானே சின்ன வயதில் படித்தேன். 1984-இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஒரு தமிழ்க் காமிக்ஸ் வரிசை ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்துத் தொடங்கியது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. தெருமுனை வாடகை நூல் நிலையத்தில் பையன்களுக்கு நடுவே வரிசையில் நின்று எடுத்துவந்தேன். மாடஸ்டி பிளைசியும் செய்தித்தாள் படக்கதைதான். பீட்டர் ஓ'டொன்னல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963-இல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டில் தொடங்கியது. தினம் ஒரு வரிசையாக வந்த கதையைப் புத்தகமாக்கியதால், சில கட்டங்களுக்கு ஒருமுறை ஒரு சின்ன அதிர்ச்சி வரும். கன்னித்தீவு வாசகிக்கு அந்தத் தாளம் உடனே பிடிபட்டுவிடும்.

மாடஸ்டி பெயரில்லாத அகதிச் சிறுமியாக முகாம்களில் வளர்ந்தவள். குற்றக் கும்பல் ஒன்றைக் கட்டி ஆண்டுவிட்டு, அதைக் கலைத்துவிட்டு வந்தவள். கூடவே வரும் வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்று கூப்பிடுவான். ஆனால் அவன் அவளைச் சுமப்பதில்லை. அவள் சொல்வதைச் செய்வான். காதலனும் இல்லை, காவலனும் இல்லை, கூட்டாளி. ஆக, என் வீட்டில் இரண்டு இளவரசிகள் இருந்தார்கள். ஒருத்தி கையடக்கமாக, இன்னொருத்தி ஆள் உயரத்தில். மாடஸ்டியை வரைந்தவர்களும் ஆண்கள்தான். ஆண் கண்ணுக்காக அவள் உடம்பை வரைந்த இடங்கள் நிறைய உண்டு. இருந்தாலும் கதை ஓடுவதற்கு அவள் சிறியவளாகவே இருக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. அவள் வளர வளரக் கதையும் வளர்ந்தது. ஆயாவின் கேள்விக்கு, கதை முடியாமலும் ஒருத்தி பெரியவளாக இருக்கலாம் என்று பதில் சொன்ன படக்கதை அது.

பெண்களே வரைந்தபோது இன்னும் மாறியது. அமெரிக்காவில் டாலியா மெஸ்ஸிக் தன் பெயரை 'டேல்' என்று ஆண்பெயர்போல் சுருக்கிக்கொண்டுதான் 1940-இல் பிரெண்டா ஸ்டார் என்ற பெண் நிருபரின் கதையைப் பத்திரிகைக்குள் கொண்டுபோக முடிந்தது. இந்தியாவில் மஞ்சுளா பத்மநாபன் 1982-இல் பம்பாயின் சண்டே அப்சர்வரில் 'சுகி'யைத் தொடங்கினார். சுகி அழகியும் இல்லை, ராட்சசியும் இல்லை. சுருட்டை முடியோடு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பவள். ஒரு பெண் சும்மா யோசிப்பதே படக்கதைக்குப் போதும் என்பதை அவள் காட்டினாள். பெங்களூரில் மாயா காமத் 2001-இல் இறக்கும்வரை நாளிதழ்களுக்கு அரசியல் கார்ட்டூன் வரைந்தார். மூன்றும் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழ் நாளிதழின் கட்டத்துக்குள் தினமும் ஒரு பெண்ணின் கையெழுத்தைப் பார்த்து வளரும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

வரையப் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. வலையும் படகும் கறுப்பாயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிவது பல வருடக் கதை; அதுவும் ஒரு கன்னித்தீவு. அந்தச் சேற்றில் இடுப்பளவு நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அழுகிற முகங்களாகப் புகைப்படத்தில் வருகிறார்கள். அவர்களோடு அரைமணி நேரம் நின்றால் தெரியும், அதிகாரியின் வருகையைப் பற்றி அவர்கள் அடிக்கும் கிண்டலுக்கு முன் எந்தப் பத்திரிகை ஜோக்கும் நிற்காது. மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலிருந்து இறங்காமலே ஆய்வு முடிக்கும் அதிகாரியை மூன்று கட்டத்தில் அவர்கள் நடித்துக் காட்டுவார்கள். அங்கே சிரிப்புக்கு ஆளாக இருந்தவள் சிரிப்பை உண்டாக்குபவளாக இருக்கிறாள். அதை வரைவதற்கு ஒரு கை மட்டும்தான் வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஒரு மாதத்துச் செய்தித்தாளையும் வார இதழ்களையும் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்குங்கள். படக்கதை, ஜோக், கருத்துப்படம் எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். எத்தனையில் பெண் இருக்கிறாள், அவள் கையில் என்ன இருக்கிறது, பேசுகிறாளா, எந்தத் தமிழில் பேசுகிறாள், பக்கத்தில் நிற்கும் ஆணைவிட எவ்வளவு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறாள் என்று குறியுங்கள். அளவுகோல் வைத்தே அளக்கலாம். பிறகு, உங்களை உண்மையாகவே சிரிக்க வைத்த படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவை மேலே குறித்த கணக்கில் மோசமான பக்கத்திலேயே இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஏன் சிரித்தீர்கள் என்று அவற்றின் பின்புறத்தில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த தடவை பார்க்கும்போது நான் முதலில் வாசிக்கக் கேட்பது அந்தப் பின்பக்கத்து வரிகளைத்தான்.